திருக்கையாருக்குப் பிள்ளை இல்லை

இருங்கோ பிள்ளை, அந்தப் படத்தட்டை இப்ப மெசினிலை போடாதேங்கோ. இல்லை, மெசின் நல்லாத்தான் வேலை செய்யுது, அதுக்கு இல்லை. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. லில்லெஸ்ட்ரோமிலை இருந்து ரெயின் ஏறி, பேந்து பஸ் ஏறி, இந்த வழுக்கலுக்குள்ளை நடந்து வந்திருக்கிறியள். கையெல்லாம் விறைச்சுப்போய்க் கிடக்கு. யோசெப்பின் பூசைக்குப் போட்டா. பூசை முடிய அங்கை நிண்டு நாலு சனத்தோடை கதைச்சுப்போட்டு வர எப்பிடியும் மூண்டு மணியாகும். என்ர மனுசி இல்லாத நேரமாப் பாத்துத்தான் உங்களை வரச்சொன்னனான்.

பேப்பரோ? அது மேசையிலை கிடக்கட்டும். ஓடிப்போகாது. கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது?

ஓ, சனம் சொன்னதோ. தெரியும், தெரியும். சூசைரட்ணத்திட்டைப் போகாதை, அவன் ஒருத்தருக்கும் ஒரு போம் நிரப்பிக் குடுக்கமாட்டான், ஒரு கடிதம் வாசிச்சுச் சொல்லமாட்டான், கல்லுளிமங்கன் எண்டு சொல்லுவினம். இருவது வருசமாச் சொல்லுகினம். யோசெப்பினே சொல்லுறா. அவ டொக்டரிட்டைப் போகேக்கை நான் வாசல் மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வெளியிலை குந்தியிருப்பன். உள்ளுக்கு வேறை ஆள் வந்து கதைக்கோணும். ரொல்க் எண்டு சொல்லுறது இஞ்சை, மொழிபெயர்க்கிற ஆளை. ஒஸ்லோவிலை பஸ் ஓட்டுறவன், நாள் முழுக்க நோர்வேக்காரனோடை கதைக்கிறவன், சொந்தப் பெண்சாதிக்கு வயித்துக்குத்து எண்டு ஒரு சொல் சொல்லமாட்டானாம். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சுது.

சரி, அந்தப் பேப்பரிலை என்ன இருக்கெண்டு நானே சொல்லுறன், பிழையெண்டால் திருத்துங்கோ. உங்கட அப்பாவை, வின்சென்ற் அண்ணையை, மன்னாரிலை இருந்து இஞ்சை கூப்பிடப் போட்டிருக்கிறியள். அம்மாவும் செத்திட்டா, தனிச்சுப்போன மனுசன், சண்டையும் திரும்பத் துவங்கீட்டுது. குடிவரவுக் கந்தோரிலை பழைய கோப்பைத் தூக்கிப் பாத்திருக்கினம். இந்த மனுசன் எண்பத்தாறிலை ஒருக்கா இஞ்சை வந்து தஞ்சம் கேட்டவர், அப்ப பொலிசிலை குடுத்த வாக்குமூலத்திலை கலியாணம் கட்டேல்லை, பிள்ளையள் இல்லை எண்டு எழுதிக் கிடக்கு. பிள்ளையில்லாத மனுசனுக்கு நீங்கள் எப்பிடி மகள் எண்டு கேக்கினம். சரிதானே? ஓம், இரத்தத்திலை பாக்கலாம்தான். பாத்தாலும், அண்டைக்குப் பொய் சொன்ன மனுசன் எண்ட பேர் அந்தக் கோப்பிலை அப்பிடியேதானே கிடக்கும். அதுதான், அந்தக் காலத்திலை அவரோடை ஒரே அறையிலை இருந்தவன், அவருக்கு மனுசியும் ஒரு மகளும் இருந்தது எனக்குத் தெரியும் எண்டு நான் ஒரு கையெழுத்து வைக்கோணும். டெனிஸ் வடிவா எழுதியிருக்கிறார். கெட்டிக்கார மனுசன் உங்களுக்கு வாய்ச்சிருக்கிறார்.

தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியாமல் வேறை ஆருக்குத் தெரியும்? உங்கட நாலு வயதுப் படம் அண்ணையின்ர கட்டில் தலைமாட்டிலை ஒட்டிக் கிடந்தது. பச்சைச் சட்டை. ஒரு காலிலைதான் செருப்பு. மற்றச் செருப்பை நாய் கொண்டுபோட்டுதாம், அழுதுகொண்டு நிண்டனீங்களாம், அந்த நேரம் பாத்து எடுத்ததாம். இந்தக் கதையை அவர் எனக்கு ஒரு நூறு தரம் சொல்லியிருப்பார். நீங்கள் போனிலை நிலூஜா எண்டு சொன்ன உடனை என்ர கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டது அந்தப் பச்சைச் சட்டைதான்.

அந்தத் தட்டின்ர பெட்டியை இஞ்சை தாங்கோ பாப்பம்.

அட! அட்டையிலை நிக்கிறது எங்கட திருக்கையார்தான். இவரேதான்! ஆனா இதென்ன, செம்மஞ்சளோ? ஐயோ, இவர் செம்மஞ்சள் நிறமோ? பிள்ளை, நாங்கள் இருவத்தொரு வருசமா இவரைக் கறுப்பு எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறம். அப்பாட்டைச் சொல்லிப் போட்டியளோ? சொல்லாதேங்கோ, மனுசன் கவலைப்படப் போகுது.

டெனிஸ் இன்ரநெற்றிலை தேடி எடுப்பிச்சதோ. அப்பா சொல்லிவிட்டவரோ? சூசையிட்டைக் கொண்டுபோய்க் குடு, அவன் இருக்கேக்கை போட்டுப் பார், கதை அவனுக்குத்தான் தெரியும் எண்டு... ம். அவர் அப்பிடித்தான் சொல்லுவார்.

உங்களுக்கும் அந்தக் கதை தெரியும் என்ன? பங்கருக்குள்ளை வைச்சும் சொன்னவரோ? குண்டு விழேக்கையோ. திருக்கையார் தன்ர குஞ்சைத் தேடி ஒவ்வொரு கரையாய் ஏறி வாறார், அவர் வாற சத்தம்தான் அது, எங்களை ஒண்டும் செய்யமாட்டார் எண்டு. அட கடவுளே. அது எனக்குத் தெரியாது பிள்ளை. அதைத் திருப்பிப் பிள்ளைக்குச் சொல்லுவார் எண்டு நான் நினைக்கேல்லை.

திருக்கையார் எண்டு பேர் வைச்சது நான்தான். உதிலை என்ன பேர் போட்டிருக்கெண்டு எனக்கு வாசிக்கத் தெரியாது, ஜப்பான் எழுத்து. திருக்கை மாதிரித் தட்டையான உடம்பு, ஆனா கீழை ரெண்டு கால், வலு மொத்தமான கால். நடக்கேக்கை முதுகிலை உடுப்புப் பூட்டுற சிப் தெரியும். சத்தியமாத் தெரியும். உள்ளுக்கு ஆரோ ஒரு மனுசன் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மட்டைப்பெட்டி வீடுகளை மிதிச்சுக்கொண்டு திரியிறான். நாங்கள் எல்லாரும் தீவார். திருக்கையைக் கண்டால் வெட்டிக் கறி வைக்கிற ஆக்கள். அதுக்குக் கால் முளைச்சுக் கட்டிடம் உடைக்கிறதைப் பாத்து முதல் நாள் விழுந்து விழுந்து சிரிச்சம்.

எப்பிடி எங்களிட்டை வந்ததோ? அது பாட்ஸ்பியோர்ட்டிலை. நோர்வேயின்ர வடக்கு உச்சியிலை கிடக்கிற மீன் ஊர். நாங்கள் பதினொரு பேர் ஒரு விடுதியிலை இருந்தம், பகலிலை மீன் வெட்டுறது. மாசி பங்குனியிலை அங்கை ஒரு சின்ன மீன் படும், எங்கட நெத்தலியிலும் பாக்கக் கொஞ்சம் பெரிசு. அதின்ர சினை ஜப்பானுக்குப் போகும். அந்தச் சினையைப் பாத்து நல்லது கெட்டது சொல்லுறதுக்கு ஜப்பானிலை இருந்து ஒரு மனுசன் வந்து நிப்பார். மொரித்தா எண்டு பேர். கட்டையான ஆள், மரியாதையான ஆள், எங்களைக் கண்டாலும் குனிஞ்சு கும்பிடுவார். அவர் ஒரு வீடியோ மெசினும் நாலு கசெற்றும் கொண்டுவந்தவர். பழைய தொடராம், நாலே நாலு பகுதி, அவர் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை ரீவியிலை போனதாம். தனிய இருந்து பாக்க அலுப்புப் பிடிச்சுதோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட விடுதிக்குத் தூக்கிக்கொண்டு வந்திட்டார். அந்த மெசினுக்கும் நோர்வே ரீவிக்கும் ஒத்துவராது. படம் கறுப்பு வெள்ளையாத்தான் வந்தது, அதுவும் இடைக்கிடை மேலை உருண்டு உருண்டு ஓடும். அதாலைதான் நிறம் தெரியேல்லை.

பாஷை விளங்காது. எழுத்தும் கீழை ஓடாது. பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பாத்தினம்.

ஏனெண்டால் நான் அங்கை ஒரு புழுகு புழுகி வைச்சிருந்தனான். நான் கப்பலிலை போனவன், யோக்கோகாமாவிலை மூண்டு மாசம் நிண்டவன், ஜப்பான் பாஷை ஓரளவு கதைப்பன் எண்டு. கப்பலிலை போனது உண்மை. கிரேக்கக் கப்பல். ஏழு மாசமும் குசினிக்குள்ளை கிழங்கு உரிச்சனான். யோக்கோகாமா எண்ட பேரைப் பெட்டியளிலை எழுதிக் கிடக்கக் கண்டனான், அவ்வளவுதான். பதினொரு பேரிலை நான்தான் படிப்பு இல்லாதவன் பிள்ளை. ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் வங்கியிலை வேலை செய்தவர், உங்கட அப்பா சொந்தமா ரெண்டு வள்ளம் வைச்சிருந்த சம்மாட்டி. எனக்கும் ஏதாவது ஒண்டு இருக்கோணும் எண்ட ஆசை. இருவத்தெட்டு வயது.

என்ன சொல்லுறாங்கள் சூசை எண்டு வின்சென்ற் அண்ணைதான் முதல் கேட்டவர். திரையிலை ஒரு கிழவன் மேசையிலை குத்திக் குத்திக் கத்துறான். நான் உடனை, பாவம் அந்தத் திருக்கையார் தன்ர குஞ்சைத் தேடி வந்திருக்கிறார் அண்ணை, அதை இந்தப் பட்டினத்திலை ஆரோ பிடிச்சு ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள், குடுத்துவிடுங்கோடா எண்டு கிழவன் ஏசுறான் எண்டு அள்ளிவிட்டன்.

அது என்ர வாயிலை எப்பிடி வந்தது எண்டு இப்ப யோசிச்சால் விளங்குது. பிள்ளையை நினைச்சு ஏங்கிக்கொண்டிருந்தது உங்கட அப்பாதானே. அவற்றை வாயிலை இருந்துதான் எடுத்தனான். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னனான்.

நாலு ஞாயிறும் நடந்தது. படத்திலை, மீன் கண்காட்சிச் சாலையிலை ரிக்கற் விக்கிற ஒரு பெட்டை வருவாள், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு. அவள்தான் குஞ்சைக் கண்ணாடித் தொட்டிக்குள்ளை வைச்சு ஒருத்தருக்கும் தெரியாமல் சோறு போடுறாள் எண்டன். ஒரு இடத்திலை தொட்டிக்குள்ளை ஒரு சின்னத் திருக்கை அசையாமல் கிடக்கும். அது நித்திரை எண்டன். கடைசியிலை பெரியவர் கடலுக்குள்ளை மெல்ல மெல்ல இறங்கிப் போவார், தண்ணி மூடும். குஞ்சையும் கூட்டிக்கொண்டு வீட்டை போறார் எண்டன். பத்துப் பேரும் அழுதினம். மீன் வெட்டுற ஆம்பிளையள், கையிலை கத்திக் காயம், கதிரையிலை இருந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகினம். அண்ணை எழும்பி வெளியிலை போய் அந்தப் பனிக்குள்ளை நிண்டவர். மொரித்தா பாவம், ஒண்டும் விளங்காமல் ஒவ்வொருத்தற்றை முகத்தையும் பாத்துப்போட்டு, கைலேஞ்சியை எடுத்துத் தானும் கண்ணைத் துடைச்சார். நான் அவரிட்டை ஜப்பான் பாஷை மாதிரி என்னவோ ஒண்டு சொன்னன். அவர் குனிஞ்சு கும்பிட்டார். அதோடை ஊர் முழுக்க முடிவாப் போச்சுது, சூசைக்கு ஜப்பான் பாஷை தண்ணி மாதிரி எண்டு.

ஓம் ஓம், கதை வேறை. அதைத்தானே நீங்கள் சிரிச்சுக்கொண்டு கேட்டனீங்கள். கீழை இங்கிலிசிலை எழுத்து ஓடுது, நீங்களும் டெனிசும் முழுக்கப் பாத்தாச்சு. சொல்லுங்கோ, உண்மையான கதைதான் என்ன? எனக்கும் இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

குஞ்சே இல்லையோ.

ஒரு இடத்திலையும் இல்லையோ? அப்ப அந்தத் தொட்டிக்குள்ளை...? நஞ்சோ. நஞ்சைப் போட்டுச் சோதிச்சுப் பாக்கினமோ, பெரியவரைக் கொல்லுறதுக்கு. அந்தப் பெட்டையுமோ? அவளும் அந்த ஆராய்ச்சிக்காரரோடை சேர்ந்தவளோ. நான் நித்திரை எண்டெல்லோ சொன்னனான். அப்ப கடைசியிலை அவர் வீட்டை போகேல்லை. நஞ்சு குடிச்சுப்போட்டுத் தாழுறார்.

இல்லை, பரவாயில்லை. ஒண்டுமில்லை. கண்ணிலை ஏதோ. நீங்கள் பிஸ்கற்றை எடுங்கோ.

பகிடிதான், நீங்கள் சொல்லுறது சரி. விடுதியிலை ஒருத்தன் புழுகினான், பத்துப் பேர் நம்பிச்சினம், ஆருக்கு என்ன நட்டம்? அதோடை நிண்டிருந்தால் நானும் உங்களோடை சேர்ந்து சிரிச்சிருப்பன். இந்தத் தட்டைப் போட்டு, நான் சொன்ன கதை இது, உண்மைக் கதை இது எண்டு காட்டிக் காட்டிச் சிரிச்சிருப்பம். எனக்கு வெக்கமாக் கிடக்கு பிள்ளை. உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல்தான் நான் இந்த யன்னலைப் பாத்துக் கதைச்சுக்கொண்டிருக்கிறன்.

வைகாசி மாசம் எங்கட தஞ்ச விசாரணை துவங்கினது. பொலிசுதான் விசாரிக்கிறது. ஒஸ்லோவிலை இருந்து ஒரு தமிழ் ரொல்க் பிளேனிலை வருவார், கிழமைக்கு ரெண்டு பேர், மூண்டு பேராக் கூப்பிடுவினம். எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் அப்பிடித்தான். கடைசியா மிஞ்சினது உங்கட அப்பா. அண்டைக்குப் புயல். வைகாசி எண்டாலும் அங்கை பனிப்புயல் அடிக்கும். பிளேன் இறங்கேல்லை. அந்தப் பொலிஸ்காரன் நல்ல மனுசன், அவனிலை ஒரு பிழையும் இல்லை. ரெண்டு கிழமை பொறுங்கோ, ரொல்க் வருவார், ஒண்டும் அவசரமில்லை எண்டவன்.

அண்ணைதான் கேக்கேல்லை. ரெண்டு கிழமை பொறுத்தால் ரெண்டு கிழமை பிந்தும், பிள்ளையைக் கூப்பிடவும் ரெண்டு கிழமை பிந்தும். சூசை இருக்கிறான்தானே எண்டார். ஜப்பான் பாஷையே தெரிஞ்சவனுக்கு நோர்வே பாஷை எந்த மூலைக்கு எண்டார்.

நான் ஒரு வருசம் தெற்கிலை ஒரு வதிவிடப் பள்ளிக்கூடத்திலை நிண்டனான். அப்பத்தைய பெடியள் கனபேர் அப்பிடித்தான் இஞ்சை வந்தவை, மாணவர் எண்டு. பாட்டு, மரவேலை, பனியிலை சறுக்குறது. பாஷை எண்டால், இது மேசை, இது கதிரை, எனக்கு மீன் விருப்பம், நான் வேலை செய்ய விரும்புறன், என்ர தமையன் உயரமானவர். உதுதான் என்ர நோர்வே பாஷை. அந்தப் பொலிஸ்காரன் என்னைப் பாத்து, உன்னாலை ஏலுமோ எண்டு கேட்டான். ஏலாது எண்ட சொல்லும் எனக்குத் தெரியும் பிள்ளை. அது ரெண்டாம் பாடத்திலையே வரும்.

ஏலும் எண்டன்.

ஓம். நான்தான். அந்த வாக்குமூலத்துக்கு ரொல்க்கா இருந்தது நான்தான். கோப்பிலை பேர் போட்டிருக்காதோ? இல்லையோ. அப்பா சொல்லேல்லையோ? அவர் சொல்லமாட்டார். சொன்னால் சூசைக்குப் பேர் கெட்டுப்போகும் எண்டு நினைச்சிருப்பார்.

ரெண்டு மணித்தியாலம். அண்ணை எல்லாத்தையும் சொன்னவர். நேவி வந்து வள்ளத்தைக் கொளுத்தினது. தம்பியார் கடலிலை போய் மூண்டாம் நாள் கரையொதுங்கினது, இடுப்புப் பட்டியை வைச்சு ஆளை அடையாளம் பிடிச்சது. தன்னைப் பிடிச்சு நாப்பது நாள் முகாமிலை வைச்சிருந்தது, என்னென்ன செய்தவை எண்டது. சேட்டைக் கழட்டி முதுகைக் காட்ட எழும்பினவர், வேண்டாம் அண்ணை, நான் சொல்லுறன் எண்டு நான் இருத்தினன். ஏனெண்டால் முதுகைக் காட்டினால் அவன் என்னெண்டு கேப்பான். அந்தச் சொல்லு ஒண்டும் எனக்குத் தெரியாது. அண்ணை பத்து நிமிசம் சொல்லுவார். நான் திரும்பி, வள்ளம் இல்லை எண்டுவன். பேந்து பத்து நிமிசம் சொல்லுவார். தம்பி இல்லை எண்டுவன். அங்கை வேலை இல்லை, இஞ்சை வேலை செய்ய விரும்புறார் எண்டுவன். அவன் ரெண்டு விரலாலை தட்டித் தட்டி எழுதுவான். அவ்வளவுதானோ எண்டு என்னைப் பாத்துக் கேட்டவன். ஒருக்கா இல்லை, மூண்டு தரம் கேட்டவன். அவ்வளவுதான் எண்டன்.

அண்ணைக்குப் பாதியிலை ஒரு சந்தேகம் வந்தது. சூசை, இவ்வளவு சொன்னனான், நீ ஒரு சொல்லிலை முடிக்கிறாய், அந்த நாப்பது நாளும் சொன்னனியே எண்டார். அவங்கட பாஷை சுருக்கம் அண்ணை எண்டன். நம்பினார்.

பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டவன். கலியாணம் கட்டினவரோ, பிள்ளையள் இருக்கினமோ எண்டு.

இதைக் கேளுங்கோ பிள்ளை. அந்தக் கேள்வி எனக்கு விளங்கினது. விளங்காமல் சொன்னனான் எண்டால் இண்டைக்கு நான் இப்பிடி இருக்கமாட்டன். மனுசி, பிள்ளை, ரெண்டும் எனக்குத் தெரிஞ்ச சொல்லு. படத்தோடை புத்தகத்திலை கிடந்தது. ஆனா இருக்கு எண்டு சொன்னால் இன்னும் நாலு கேள்வி கேப்பான், பேர் என்ன, எங்கை நிக்கினம், ஆர் பாக்கிறது, ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை எண்டு. அந்த நாலும் எனக்கு விளங்காது. விளங்காதெண்டு அவனுக்குத் தெரிஞ்சிடும், அண்ணைக்கும் தெரிஞ்சிடும். எனக்கு எப்பிடியாவது முடிச்சுக்கொண்டு வெளியிலை போனால் காணும் எண்டு கிடந்தது.

இல்லை எண்டன். ஒருத்தரும் இல்லை எண்டன்.

நிலூன்ர பேரைச் சொன்னனியே எண்டு அண்ணை கேட்டார். ஓம் எண்டன். சந்தோசமாத் தலையை ஆட்டினார். உங்கட படத்தை அண்டைக்குச் சட்டைப்பைக்குள்ளை கொண்டுவந்திருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார். நனைஞ்சு பழுதாப்போகும் எண்டு அறையிலை விட்டிட்டு வந்தவர். கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுக்க, வாசிக்கத் தெரியாமலே போட்டார், நான் விரலாலை இடத்தைக் காட்டினன். ஒரு சிப் போட்ட பொம்மைக்குப் பிள்ளை குடுத்தவன் நான். பச்சைச் சட்டையோடை உயிரோடை நிண்ட பிள்ளையை இல்லையெண்டு சொன்னவனும் நான்தான்.

எழும்பிறியளோ. எழும்புங்கோ. பிழையில்லை. நான் உங்கட இடத்திலை எண்டால் இந்தக் கோப்பையாலை எறிஞ்சிருப்பன். ஆனா ஒரு நிமிசம். டெனிஸ் எழுதின பேப்பரை விட்டிட்டுப் போங்கோ, இல்லாட்டிக் கொண்டுபோங்கோ, அது உங்களுக்கு உதவாது. அவரோடை ஒரே அறையிலை இருந்தனான், எனக்குத் தெரியும் எண்டு நான் எழுதினால், கூட்டாளிக்காகப் பொய் சொல்லுறான் எண்டுதான் கந்தோரிலை நினைப்பினம். இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ. மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருந்தனான். மூண்டு பக்கம். நீங்கள் போன் எடுத்த அண்டைக்கே எழுதத் துவங்கினது, போன செவ்வாய்க்கிழமைதான் முடிஞ்சது. நோர்வே பாஷையிலைதான். ஒருத்தரும் உதவி செய்யேல்லை, நானேதான் எழுதினது. இப்ப எனக்கு நல்லாத் தெரியும். அண்ணையை அனுப்பின பிறகு விசர் பிடிச்சவன் மாதிரிப் படிச்சனான், இனி ஆருக்கும் மொழிபெயர்க்க வாய் திறக்கிறதில்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் படிச்சனான். அண்டைக்கு மொழிபெயர்த்தது நான், எனக்குப் பாஷை தெரியாது, அவர் சொன்னது ஒண்டு, நான் சொன்னது ஒண்டு எண்டு எல்லாம் கிடக்கு. கையெழுத்தும் வைச்சிருக்கிறன். அடையாள இலக்கமும் போட்டிருக்கிறன், கூப்பிட்டுக் கேக்கட்டும். முகாமிலை நாப்பது நாளிலை நடந்ததையும் எழுதியிருக்கிறன். ஒண்டும் மறக்கேல்லை. இருவத்தொரு வருசம் பிந்தி மொழிபெயர்த்திருக்கிறன், அவ்வளவுதான்.

எனக்கு என்ன செய்யினமோ? செய்யிறதைச் செய்யட்டும். யோசெப்பினுக்கு இண்டைக்கு வந்த உடனை சொல்லுவன். இவ்வளவு நாளும் டொக்டர் வீட்டு வாசலிலை ஏன் குந்தியிருந்தனான் எண்டு அவவுக்கும் தெரியத்தானே வேணும்.

அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னால் நம்பமாட்டார், சூசை பகிடி விடுறான் எண்டு சிரிப்பார். அவர் கால் இழுத்து நடக்கிறார் எண்டு போனிலை சொன்னீங்கள். தொண்ணூறிலை திரும்பவும் பிடிச்சுக்கொண்டு போய் முறிச்சதெண்டு. அண்டைக்குப் போனை வைச்சிட்டு நான் பஸ் எடுக்கப் போகேல்லை. சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு இந்தக் கதிரையிலைதான் இருந்தனான். பதினொரு பேரிலை பத்துப் பேருக்கு இருக்க விட்டவங்கள். அவரை மட்டும்தான் திருப்பி அனுப்பினது.

என்ன கேட்டனீங்கள்? மறுத்து எழுதியிருக்கலாமே எண்டோ. எல்லாரும் எழுதுறவையே, அவர் ஏன் எழுதேல்லை எண்டோ.

அதுவும் அந்த மூண்டாம் பக்கத்திலை கடைசியிலை கிடக்கு. மறுப்புக் கடிதம் வந்தது தை மாசம். அதையும் என்னட்டைத்தான் கொண்டுவந்து தந்தவர், சூசை வாசி எண்டு. கட்டிலிலை எனக்குப் பக்கத்திலை இருந்தவர், தலைமாட்டிலை உங்கட படம். நான் வாசிச்சுப்போட்டு, இடமில்லையாம் அண்ணை, எல்லாரையும் எடுக்கேலாதாம், இனி ஒண்டும் செய்யேலாதாம் எண்டன். என்ர தோளிலை கையைப் போட்டு, நீ என்ன செய்வாய், உன்னாலை ஏண்டதைச் செய்தனி எண்டவர். போகேக்கை தன்ர தடிச்ச ஜக்கெற்றை எனக்குக் கழட்டித் தந்தவர், ஊரிலை உது என்னத்துக்கு எண்டு. அந்தக் கடிதத்திலை இடமில்லை எண்டு ஒரு வரியும் இல்லை பிள்ளை. ரெண்டு பக்கத்திலை முக்கால்வாசி எனக்கு விளங்கவுமில்லை. கடைசிப் பந்தியிலை, மூண்டு கிழமைக்குள்ளை மறுத்து எழுதலாம், எழுதினால் ஒஸ்லோவிலை இருந்து வேறை ரொல்க்கைக் கூப்பிட்டுத் திரும்ப முதலிலை இருந்து விசாரிப்பினம் எண்டு கிடந்தது. அந்த ஒரு பந்திதான் எனக்கு வடிவா விளங்கினது.